ராபர்ட் கணிப்பு

அறுபதாவது பிறந்தநாளுக்கு மாநாடு என்று எழிலரசி போனில் சொன்னதை அண்ணி மங்கலம் வேறு மாதிரி புரிந்துகொண்டாள். அறுபதாம் கல்யாணம் அவள் பார்த்திருக்கிறாள். முதல் கல்யாணமே செய்துகொள்ளாத நாத்தனாருக்கு அறுபதாம் கல்யாணம் எப்படி நடக்கும் என்று ஒரு பொழுது முழுக்க யோசித்துவிட்டு, புருஷனிடம் போய், "மாப்ள யாருன்னு உங்க தங்கச்சி சொன்னாங்களா?" என்று கேட்டாள். கதிர்வேலுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்த பிறகுதான் விளக்கினார். கணக்கில் பெயர் வாங்கினவர்களுக்கு அறுபது வயதானால், அவர்களிடம் படித்தவர்களும் கூட வேலை செய்தவர்களும் ஒரு வாரம் ஒரு இடத்தில் கூடிப் பேசுவார்களாம். மாலை கிடையாது, மேளம் கிடையாது, கரும்பலகையும் காபியும்தான். "சாப்பாடு உண்டுல்ல?" என்றாள் மங்கலம். உண்டு என்றதும் சமாதானமானாள்.

மாநாட்டை ஏற்பாடு செய்தவர்கள் எழிலரசியின் மாணவர்கள் இரண்டு பேர். நவ்ஷாத் பரங்கிப்பேட்டைக்காரன், இப்போது மும்பையில் பேராசிரியர். அனுப்பிரியா பெங்களூரில் எழிலரசியின் நிறுவனத்திலேயே வேலை பார்ப்பவள். பெங்களூரிலேயே வைத்துக்கொண்டால் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வசதி என்றார்கள் இருவரும். எழிலரசி சிதம்பரம்தான் என்று சொல்லிவிட்டாள். காரணம் சொல்லவில்லை. எம்.எஸ்ஸி. படித்த ஊர் என்பதால் இருக்கும் என்று அவர்களே நினைத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை கடலூர் முதுநகரில் அண்ணன் வீட்டு வாசலில் பல்கலைக்கழகத்துக் கார் வந்து நின்றது. எழிலரசி டிரைவருக்குக் காபி கொடுத்து, பெட்டியை மட்டும் ஏற்றி அனுப்பிவிட்டு ரயில் நிலையத்துக்கு நடந்தாள். கதிர்வேலும் கூட வந்தார். வேகாத வெயிலில் இது என்ன பிடிவாதம் என்று அவர் முணுமுணுத்தாலும், ஜன்னலோர இடத்தைப் பிடித்துத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

மீட்டர் கேஜ் போய் அகலப் பாதை வந்து, அதற்கு மேல் மின்சாரக் கம்பியும் வந்துவிட்டது. ஆனால் ஆலப்பாக்கம் தாண்டியதும் வருகிற சவுக்குத் தோப்பு அப்படியே இருந்தது. முகத்தில் ஒட்டுகிற உப்புக் காற்றும் மாறவில்லை. எழிலரசிக்கு இருபது வயது திரும்பிவிட்ட மாதிரி இருந்தது.

அப்போது அப்பா சாமிக்கண்ணு ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் எழுத்தர். அதனால் அவளுக்குப் பாஸ் உண்டு. தினமும் காலை பாசஞ்சரில் சிதம்பரம் போய்க் கணிதம் படித்துவிட்டுச் சாயந்திரம் திரும்புவாள். அதே வண்டியில் அதே முதுநகரிலிருந்து ராபர்ட் என்றொருவன் இயற்பியல் படிக்க வந்துகொண்டிருந்தான். அவனுடைய அப்பா துறைமுகத்தில் போட் இன்ஜின் மெக்கானிக். வண்டியில் பெண்கள் ஒரு கோடியில் உட்காருவார்கள், பையன்கள் வாசலில் தொங்குவார்கள். ஒருநாள் ராபர்ட் வாசலை விட்டு நேராகப் பெண்கள் பக்கம் வந்து எழிலரசியின் முன்னால் ஒரு தாளை நீட்டினான். கூட இருந்தவர்கள் காதல் கடிதம் என்றே நினைத்தார்கள்.

தாளில் வெறும் கோடுகள். இப்போது சோப்பு டப்பாவின் பின்னால் போடுகிறார்களே, அந்த மாதிரி. கனமான ஓர் அணுக்கருவின் ஆற்றல் எந்தெந்த அளவில் நிற்கும் என்று யாரோ அளந்து, அளவுக்கு ஒரு கோடு போட்டிருந்தார்கள்.

"மழைத்துளி விழுற மாதிரி இஷ்டத்துக்கு விழுந்திருந்தா அங்கங்க ரெண்டு மூணு ஒட்டிக்கிட்டு இருக்கணும்" என்றான் ராபர்ட். "ஒண்ணுகூட ஒட்டல, பாரு. ஒண்ண ஒண்ணு தள்ளிவிட்ட மாதிரி நிக்குது. நீ கணக்குப் படிக்கிறவ. ஏன்னு சொல்லு."

எழிலரசிக்குத் தெரியவில்லை. நூலகத்தில் தேடினாள். இயற்பியல்காரர்கள் அவள் பிறப்பதற்கு முன்பே இதைக் கவனித்திருந்தார்கள். சதுரமாகக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் தாயக்கட்டையை உருட்டி விழுந்த எண்ணை எழுதிக்கொண்டே போனால் கிடைப்பது சமவாய்ப்பு அணி. ஒவ்வொரு அணிக்கும் அதற்கே உரிய சில எண்கள் உண்டு, ஐகன் மதிப்புகள் என்பார்கள். அவற்றைக் கணக்கிட்டு வரிசையாகக் கோடு போட்டால், அவையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. அணு என்றால் என்னவென்றே அறியாத தாயக்கட்டை, அணுவைப் போலவே நடந்துகொண்டது. அது தெரிந்திருந்தது. எந்தெந்த அணிகளுக்கு, எதனால் அப்படி என்பதுதான் பெரும்பாலும் நிரூபிக்கப்படாமல் கிடந்தது. அந்த 'எதனால்' எழிலரசிக்கு அடுத்த நாற்பது வருஷச் சோறு போட்டது.

மறுநாள் ஒரு விளக்கத்தோடு போனாள். தப்பு என்றான் ராபர்ட். அவன் சொன்னதில் இவள் ஓட்டை கண்டாள். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இரண்டு வருஷம் தினமும் நடந்தது. ஊரில் வேறு மாதிரி பேசிக்கொண்டார்கள். டிக்கெட் பரிசோதகர் ஒருவர் கூட்ஸ் ஷெட்டுக்கே போய்ச் சாமிக்கண்ணுவின் காதில் போட்டார்.

சாமிக்கண்ணு மகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருநாள் காலை இஸ்திரி போட்ட சட்டையும் குடையுமாக அதே பெட்டியில் ஏறி இருவருக்கும் எதிரில் உட்கார்ந்தார். தனக்குச் சிதம்பரத்தில் வேலை இருக்கிறது என்றும், அவர்கள் எப்போதும் போலப் பேசலாம் என்றும் சொன்னார். ராபர்ட்டுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆலப்பாக்கம் வரை வாயைத் திறக்கவில்லை. அதற்கு மேல் தாங்காமல், முந்தின நாள் எழிலரசி போட்ட நிரூபணத்தில் நடுவில் ஒரு படி நிற்காது என்றான். எழிலரசி அப்பாவை மறந்தாள். புதுச்சத்திரத்தில் இருவர் குரலும் ஏறிவிட்டது. பரங்கிப்பேட்டையில் மீன் கூடையோடு ஏறின அம்மா ஒருத்தி, சொத்துத் தகராறா என்று சாமிக்கண்ணுவைக் கேட்டாள். "தெரியல தாயி. ஏதோ கட்டம் போட்ட கணக்காம்" என்றார் அவர்.

சிதம்பரத்தில் இறங்கியதும் இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, வகுப்புக்குப் போகச் சொல்லிவிட்டு, அடுத்த வண்டியில் வீட்டுக்குத் திரும்பினார். அன்றைக்கு அவர் மனைவி தில்லையம்மாளிடம் சொன்னது பின்னாளில் குடும்பத்தில் எல்லாருக்கும் மனப்பாடம்: "பயப்படாத. அதுங்க ரெண்டும் ஒரு வீட்டுல இருந்தா உலை கொதிக்கிறதக்கூடப் பாக்காதுங்க. அது காதல் இல்ல. வேற என்னமோ." அதற்குப் பிறகு வரன் வந்தபோதெல்லாம், படிக்கட்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

காதலா என்று எழிலரசி தன்னையே பலமுறை கேட்டுப் பார்த்ததுண்டு. ஒவ்வொரு வயதில் ஒவ்வொரு பதில் வந்தது. பெரும்பாலும் அப்பா சொன்னதுதான் சரியென்று பட்டது.

அவள் சென்னையில் முனைவர் பட்டம் முடித்தாள். ஜெர்மனியில் சில வருஷம், பிரான்சில் சில வருஷம். ராபர்ட்டுக்கும் ஆராய்ச்சிக்குப் போக ஆசைதான். ஆனால் அவனுடைய அப்பா திடீரென்று இறந்துபோக, தம்பி தங்கைகளை விட்டு நகர முடியாமல் கடலூரிலேயே கல்லூரி விரிவுரையாளர் ஆனான். காரைக்காலிலிருந்து ஜெயராணியைக் கட்டிக்கொண்டான். அந்தக் கல்யாணத்துக்கு வந்த எழிலரசி பந்தலிலேயே மாப்பிள்ளையோடு ஐகன் மதிப்புகளைப் பற்றிச் சண்டை போட்டதாகவும், போட்டோக்காரர் இருவரையும் பிரித்துவிட்டதாகவும் ஜெயராணி எல்லாரிடமும் சொல்வாள்.

ராபர்ட் அந்தக் கணிப்பைச் சொன்னது ஒரு பொங்கல் விடுமுறையில், தேவனாம்பட்டினம் கடற்கரையில். கட்டங்களில் பெரும்பாலானவற்றைச் சுழியாக்கிவிட்டு, மூலைவிட்டத்தை ஒட்டி ஒரு பட்டையில் மட்டும் எண்கள் இருந்தால்? பட்டை அகலமாக இருந்தால் கோடுகள் தள்ளி நிற்கும். ஒடுங்கிப்போனால் மழைத்துளி மாதிரி விழும். எந்த அகலத்தில் ஒன்று மற்றொன்றாக மாறும்? ஒரு வகைப் பட்டைக்கு ராபர்ட் ஒரு சூத்திரம் சொன்னான். எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். ஈர மணலில் காலால் ஒரு கோடு இழுத்துவிட்டு, "தோணுச்சு" என்றான். எழிலரசிக்குக் கோபம் வந்தது. தோன்றுவதெல்லாம் கணக்காகிவிடுமா?

சும்மா விடவில்லை அவன். உதிரி பாகம் வாங்கிச் சேர்த்த ஒரு கம்ப்யூட்டரை வீட்டு முன்னறையில் வைத்து நிரல் எழுதி ஓடவிட்டான். ஒரு தடவை ஓடி முடிக்கப் பல நாள் பிடிக்கும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். டேபிள் ஃபேன் மனுஷருக்கு இல்லாமல் அந்தப் பெட்டிக்கே சுற்றியது என்று ஜெயராணி புலம்பினாள். எண்கள் ஒவ்வொரு தடவையும் சூத்திரத்தின் மேலேயே வந்து உட்கார்ந்தன. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் தவறாமல் எழிலரசிக்குப் போன் வரும்.

பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த சில வருஷத்தில் எழிலரசி அதை நிரூபித்துவிட்டாள். அல்லது நிரூபித்துவிட்டதாக நினைத்தாள். கட்டுரையில் அதற்கு 'ராபர்ட் கணிப்பு' என்று பெயர் வைத்தாள். ராபர்ட்டுக்கு ஒரே சிரிப்பு. முன்னெழுத்துப் போடாமல் வெறும் ராபர்ட் என்று போட்டால் எவனோ வெள்ளைக்காரன் என்று நினைத்துக்கொள்வார்கள், அதுவும் நல்லதுதான், மதிப்பு ஜாஸ்தி என்றான்.

மறு வருஷம் பிரான்சில் இருக்கும் ஸ்ட்ராஸ்பர்கிலிருந்து ஒருவர் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். இன்ன பக்கத்தில் இன்ன வரி தமக்குப் புரியவில்லை என்று எழுதியிருந்தார். எழிலரசி அந்த வரியைப் பார்த்தாள். அவளுக்கும் புரியவில்லை. ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். நிறுவனத்தில் மூத்தவர் ஒருவர் நல்ல மனதோடுதான் கூப்பிட்டு, இதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம், வேறு கணக்குப் பார்க்கலாம் என்றார். கேன்டீனில் அவள் போனால் பேச்சு நின்று, வேறு பேச்சு ஆரம்பமாகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் மணி அடித்தபோது எடுக்கவே அவளுக்கு மனம் இல்லை. எடுத்தாள். ராபர்ட் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"உண்மையா இருக்கறது உண்மையாத்தான் இருக்குது, எழிலு. நிரூபணம்தான் இன்னும் வரல. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத" என்றான். பிறகு புதிதாக ஓடி முடித்த எண்களை வாசிக்க ஆரம்பித்தான். அவள் எழுதிக்கொண்டாள்.

நாலு வருஷம் அப்படிப் போனது. நிரூபணத்தில் இருந்த ஓட்டை அடையவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் நிற்கவில்லை.

இரண்டாயிரத்து நான்கு டிசம்பரில் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், ஞாயிறு. தேவனாம்பட்டினத்தில் ராபர்ட்டின் மாணவன் ஒருவன் வீடு இருந்தது. அங்கே கேக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லிக் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான் ராபர்ட். ஜெயராணிக்குக் காய்ச்சல், அதனால் கூடப் போகவில்லை. கடல் வந்தது. சைக்கிள் கிடைக்கவில்லை. அவனைக் கண்டெடுத்தார்கள்.

எழிலரசி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முன்னறையில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஃபேன் அதன் மேல் சுற்றிக்கொண்டிருந்தது. யாருக்கும் அதை நிறுத்தத் தோன்றவில்லை, நிறுத்தவும் தெரியவில்லை. எழிலரசிதான் உட்கார்ந்து நிறுத்தினாள். சில மாதத்தில் ஜெயராணி வீட்டைக் காலி செய்துகொண்டு காரைக்காலுக்குத் தம்பியிடம் போய்விட்டாள்.

அதன் பிறகு ரொம்ப நாள் எழிலரசி அந்தக் கணக்கைத் தொடவில்லை. ஞாயிறு சாயந்திரம் வீட்டில் இருக்கப் பிடிக்காமல், தேவை இருக்கிறதோ இல்லையோ, மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி வாங்கினாள். வேறு கணக்குகள் பார்த்தாள். அப்படிப் பார்த்த ஒன்றுக்காக நவ்ஷாத்தும் அவளும் ஒரு புது வழி கண்டுபிடித்தார்கள். அதை வகுப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போதே, வேறெதற்கோ கட்டின ஏணி பழைய சுவருக்கும் எட்டுகிறது என்று அவளுக்குப் பட்டது. பாதி வகுப்பில் சாக்பீஸை வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள். ஒரு மழைக்காலம் பிடித்தது. ஓட்டை அடைந்தது. ஸ்ட்ராஸ்பர்க்காரரே வரி வரியாகப் படித்துச் சரியென்றார். அதற்குப் பிறகு விருதுகள் வந்தன, வெளிநாட்டு மேடைகள் வந்தன. ஒவ்வொரு மேடையிலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் வரவில்லை.

"இறங்குற எடம் வந்துடுச்சு. எங்க இருக்கற நீ?" என்றார் கதிர்வேல். எழிலரசி எழுந்தாள்.

மாநாட்டு அரங்கு நிறைந்திருந்தது. அவள் அழைத்தபடியே ஜெயராணியும் காரைக்காலிலிருந்து பஸ் ஏறி வந்து, கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகத் தோதாக வாசலோர நாற்காலி. காலையில் பேசின நாலு பேரில் மூன்று பேர் அவள் புருஷன் பெயரைச் சொன்னார்கள். பிரெஞ்சுக்காரர் 'ரொபேர்' என்றார். ஒவ்வொரு தடவையும் ஜெயராணி நிமிர்ந்து பார்த்தாள்.

மத்தியானச் சாப்பாட்டில் எழிலரசி அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். எதிரில் போலந்திலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் தத்தளித்துக்கொண்டிருந்தவர், தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். தம் ஆராய்ச்சியே ராபர்ட் கணிப்பைப் பற்றித்தான். ஆனால் எங்கே தேடியும் அந்த ராபர்ட்டின் கட்டுரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவர் எந்தப் பல்கலைக்கழகம்? இங்கிலாந்தா?

எழிலரசி அவன் கடலூர் என்றாள். இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் என்றாள். பிறகு ஜெயராணியின் தோளைத் தொட்டு, இவர் அவருடைய மனைவி என்றாள். அந்த இளைஞர் எழுந்து நின்றுவிட்டார். கையெல்லாம் சோறு. என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே குனிந்து வணங்கினார்.

ஜெயராணி எழிலரசி பக்கம் திரும்பினாள்.

"நீங்க பேர் வெச்சிருக்கறதா அப்பவே சொன்னீங்க" என்றாள். "கோயில்ல, சர்ச்சுல எல்லாம் ட்யூப்லைட்டுல பேர் எழுதுவாங்கல்ல, அந்த மாதிரி நெனச்சிக்கிட்டேன். சின்ன வயசு சிநேகிதம், அதான் எழுதியிருக்காங்கன்னு." பிறகு மெல்லக் கேட்டாள்: "அவரு சொன்னது நெசமாவே சரியா இருந்துச்சா?"

இத்தனை வருஷம் உலகத்துக்கெல்லாம் சொன்னதை இந்த ஒருத்திக்குப் புரிகிற மாதிரி சொல்லாமலே இருந்திருக்கிறோம் என்று அப்போதுதான் எழிலரசிக்கு உறைத்தது.

"சரியா இருந்துச்சு, ஜெயா. ஒரு புள்ளிகூடத் தப்பல. நான் அத நிரூபிக்க பதினஞ்சு வருஷம் ஆச்சு. அவன் கடக்கரையில நின்னுக்கிட்டு சொன்னான்."

"அந்த ஃபேனுக்காக எவ்ளோ சண்ட போட்டிருக்கேன்" என்றாள் ஜெயராணி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பரிமாறுகிறவர் வந்து மோர் ஊற்றினார். இருவரும் கொஞ்சம் சாப்பிட்டார்கள்.

"வேற எதுனாச்சும் சொல்லிட்டுப் போனாரா?"

சொல்லியிருந்தான். கடைசி கடைசியாகப் பேசின ஞாயிற்றுக்கிழமையில். பட்டை கெட்டியாக இல்லாமல் நடுவில் இடைவெளி விட்டிருந்தால் என்ன ஆகும் என்று இன்னொரு சூத்திரம். அது சரியா தப்பா என்று இன்று வரை யாருக்கும் தெரியாது என்றாள் எழிலரசி. மூன்று வருஷமாக அனுப்பிரியா அதோடு மல்லுக்கட்டுகிறாள் என்று பக்கத்துப் பந்தியில் இருந்தவளைக் காட்டினாள். அனுப்பிரியா அங்கிருந்தே தலையாட்டிச் சிரித்தாள்.

"தப்புன்னு ஆயிட்டா?"

"தப்புன்னு நிரூபிச்சாலும் அவன் பேரச் சொல்லித்தான் ஆவணும்."

அதைக் கேட்டு ஜெயராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழிலரசி பல வருஷமாகக் கேட்காத சிரிப்பு. கை கழுவிவிட்டு வந்தவள் அனுப்பிரியாவிடம் போய், அவள் எந்த ஊர், அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, அவள் பேச்சு என்றைக்கு என்றெல்லாம் விசாரித்தாள். வியாழக்கிழமை என்றாள் அனுப்பிரியா.

சாயந்திர பஸ்ஸில் திரும்புவதாகத்தான் ஜெயராணி வந்திருந்தாள். மத்தியானக் கூட்டம் ஆரம்பிப்பதற்கு முன் தாழ்வாரத்துத் தூணோரம் நின்று காரைக்காலுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, நான் இன்னைக்கி வரல. வெள்ளிக்கிழமதான் வருவேன். கோழிக்குத் தீனி போட்டுடு." அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "மாமாவோட கணக்கு. இன்னும் பாக்கி இருக்குதாம்" என்றாள்.

பிறகு உள்ளே போய்க் கைப்பையை எடுத்துக்கொண்டு, கடைசி வரிசையை விட்டு முன்னால் கதிர்வேலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.